சுண்ணாம்புக் கற்களும் ஸ்ரீவைகுண்டத்து ஹெலிகாப்டரும்

"ஐயா, எனக்கு 20 வயது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு வருடமாகச் சென்னைக்கு வெளியே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறேன். எட்டு மணி நேரம் நின்றபடி ஒரே ஸ்க்ரூவை முடுக்கும் வேலை. கையில் பதினைந்தாயிரம் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டு மூட்டை இறக்கியதை நேரில் பார்த்தவன் நான். 'அமரன்' படம் மூன்று தடவை பார்த்தேன். செய்கிற வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. அக்னிவீர் எழுதலாம் என்றிருக்கிறேன். அம்மா பேச்சை எடுத்தாலே அழுகிறார். நான் மிலிட்டரிக்குப் போகலாமா?"

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஸ்க்ரூ முடுக்குவதைப் பற்றி எழுதிய இடத்தில் இரண்டு தடவையும் நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது. ரெக்ரூட்டாகப் போன முதல் மாதத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பாதையோரத்தில் வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்று காவி, வெள்ளை. அடித்து முடித்த மறுவாரம் பெரிய அதிகாரி வருகிறார் என்று அதே கற்களுக்கு மறுபடியும் அடித்தோம். நாட்டைக் காக்க வந்தவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்களே என்று ராத்திரி போர்வைக்குள் அழுதிருக்கிறேன்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 26 வருடம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக வெளியே வந்தவன் நான். அந்த 26 வருடத்தில் சினிமாவில் காட்டக்கூடிய நாட்கள் எத்தனை என்று ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன். இரண்டாவது கை தேவைப்படவில்லை. மிச்ச நாளெல்லாம் விடியுமுன் விசில், பி.டி., ட்ரில், துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, லங்கரில் தட்டோடு வரிசை, மதியம் ஃபேட்டிக், ராத்திரி ரோல்கால். மறுநாளும் அதே விசில். உன் கம்பெனியிலாவது ஷிப்ட் முடிந்ததும் கேட்டைத் தாண்டிவிடலாம். பேரக்ஸில் கேட்டுக்கு உள்ளேதான் தூக்கம்.

அதனால் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, இந்த வேலையில் உனக்கு எது பிடிக்கவில்லை என்று எழுது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதா? எப்போது நிறுத்துவார்களோ என்ற காண்ட்ராக்ட் பயமா? முடுக்கிய ஸ்க்ரூ யார் கைக்குப் போகிறது என்றே தெரியாததா? மூன்றும்தான் என்று எழுதிவிடாதே. எது முதலில் உறுத்துகிறது என்று யோசித்து எழுது. உன் பதிலைப் பொறுத்துத்தான் என் ஆலோசனையும்.

அலுப்புதான் காரணம் என்றால் பட்டாளம் அதற்கு மருந்தாகாது. என் பேட்ச்சில் ஒருவன் இருந்தான். வீட்டுக் கடை வியாபாரம் சலித்துப்போய் வந்தவன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை, குறி தவறாமல் சுடுவான். ஆனால் ஒன்றும் நடக்காத நாட்களை அவனால் தாங்க முடியவில்லை. சின்னச் சின்ன ஒழுங்குத் தவறு, அதற்கு ரகடா என்கிற தண்டனை, அதனால் வரும் கோபம், மறுபடியும் தவறு என்றே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அழுதுகொண்டே ஊருக்கு ரயில் ஏறினான்.

எனக்கு ஏன் ஒத்துவந்தது என்று கேட்பாய். வடக்கே ஒரு மலைப் போஸ்ட். ராத்திரி இரண்டிலிருந்து நான்கு வரை என் சென்ட்ரி. பங்கருக்குள் ஏழு பேர் தூங்குகிறார்கள். அதில் ஒரு பாலக்காட்டுக்காரன் விடாமல் குறட்டை விடுவான். அந்தக் குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும் நான் என் வேலையைச் சரியாகச் செய்கிறேன் என்று வைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஊருக்கு வந்து இத்தனை வருடம் கழித்தும், வாங்கிய மெடலைவிட அந்தக் குறட்டைதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால், பட்டாளத்தில் அர்த்தம் என்று ஒன்று கிடைக்குமானால் அது இந்த அளவில்தான் கிடைக்கும். இது உனக்குப் போதுமா என்று பார்.

காண்ட்ராக்ட்தான் முதல் உறுத்தல் என்று எழுதியிருந்தால், இதைக் கவனமாகப் படி. அக்னிவீரும் நான்கு வருட ஒப்பந்தம்தான். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தின்படி முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், பிறகு 33,000, அடுத்து 36,500, நான்காம் வருடம் 40,000. இதில் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். கையில் வருவது 21,000-ல் தொடங்கி 28,000-ல் முடியும். பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான்கு வருடம் முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். சாப்பாடு, தங்குமிடம், உடை உனக்குச் செலவில்லை. எல்லைப் பக்கம் போட்டால் அதற்கான படி தனி. 20 வயதுப் பையனுக்கு இது மோசமான பணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் காலத்துப் பட்டாளத்துக்காரனைப் பார்த்து வைத்திருக்கும் கணக்கை இதற்குப் போடாதே. 15 வருடம் முடித்தால் எங்களுக்குப் பென்ஷன் உண்டு. அக்னிவீருக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. வெளியே வந்த பிறகு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. அதனால் கேண்டீன் கார்டும் மருத்துவத் திட்டமும் கிடையாது. எங்களுக்கு வருடத்தில் 90 நாள் லீவு, உனக்கு 30. நான்கு வருடமும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. பிடிக்கவில்லை என்று நடுவில் வெளியேறவும் முடியாது. மிக விதிவிலக்காக அனுமதி கிடைத்தாலும், நீ போட்ட பங்குதான் திரும்ப வரும், அரசின் பங்கு வராது.

நான்கு வருட முடிவில் ஒரு அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் படைக்கு எடுப்பார்கள். அவர்களுக்கு இன்னும் 15 வருடம். எழுதுகிற பையன்கள் எல்லோரும் "நான் அந்த 25-ல் இருப்பேன் ஐயா" என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் திட்டத்தை மிச்ச 75-ல் இருப்பவனாகப் போடு. 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 முடியும்போது நான்கு வருடமும் முடிகிறது. வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இனிமேல்தான் ஊரில் கண்ணால் பார்க்க முடியும். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இடம், வயதுச் சலுகை என்று 2022-ல் அறிவித்தார்கள். இடஒதுக்கீடு இருந்தாலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். 24, 25 வயதில் 11 லட்சத்தோடு ஊருக்கு வந்து நிற்கும்போது, டிப்ளமோவில் படித்த லேத்தும் வெல்டிங்கும் கைக்கு நினைவிருக்குமா? இந்தக் கேள்விக்கு இப்போதே பதில் வைத்துக்கொள். டெக்னிக்கல் பிரிவில் விண்ணப்பித்தால் கை மறக்காது. உன் டிப்ளமோவுக்கு அங்கே மதிப்பும் உண்டு.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். உன் கடிதத்திலேயே ஒளிந்திருக்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் நீ அண்ணாந்து பார்த்த அந்த ஹெலிகாப்டரை நான் டிவியில் பார்த்தேன். கதவோரம் நின்று மூட்டையை இறக்கியவனைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது மேலே கிளம்புவதற்கு முன்னால், எங்கோ ஒரு ஹாங்கரில் உன்னைப் போல ஒரு மெக்கானிக்கல் பையன் அதன் அடியில் குனிந்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பான். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கையெழுத்துப் போட்டிருப்பான். உன் வேலையும் அவன் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஸ்க்ரூ எங்கே பறக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

இந்த இடம் உன்னைத் தொடுகிறது என்றால், நீ அக்னிவீரிலேயே கண்ணை வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை. உன் ஊருக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடியில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் அக்னிபாத் அதற்குப் பொருந்தாது. அங்கே சேர்வது நிரந்தர வேலை. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர்களுக்கென்றே 'யாந்திரிக்' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். வயது 18 முதல் 22 வரை. அடிப்படைச் சம்பளம் 29,200, அதோடு யாந்திரிக் சம்பளம் 6,200, பிறகு அகவிலைப்படி. உடற்தகுதிக்கு 7 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 20 உட்கார்ந்து எழுவது, 10 புஷ்-அப். பயிற்சி ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில் தொடங்கும். கடலில் சிக்கியவர்களைத் தேடி மீட்பது இந்தப் படையின் அன்றாடக் கடமைகளில் ஒன்று. வயது வரம்பு காத்திருக்காது. அடுத்த அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பி.

வெள்ளம் என்றதும் ஆரஞ்சு உடைக்காரர்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அதில் நேரடியாகச் சேர முடியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற படைகளில் இருப்பவர்களைத்தான் அயல்பணியாக அங்கே அனுப்புகிறார்கள். அந்தப் படைகளுக்குப் போக எஸ்எஸ்சி ஜிடி கான்ஸ்டபிள் தேர்வு எழுத வேண்டும். 2024 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். ஓய்வு வயது 60. வெள்ளத்தில் படகு கட்டி இறங்கும் இன்னொரு கூட்டம் நம் மாநிலத் தீயணைப்புத் துறை. அதற்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம். ஊரைவிட்டு அதிக தூரம் போகாமல், அம்மா கைச்சாப்பாட்டோடு செய்யக்கூடிய அர்த்தமுள்ள வேலை. ஏனோ இளைஞர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. அதைப் பற்றி அதிகம் படம் எடுக்காததாலோ என்னவோ.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீ பார்த்த 'அமரன்' படத்தின் மேஜர் முகுந்த் வரதராஜன் அதிகாரி. பரங்கிமலை ஓடிஏவில் பயிற்சி முடித்து 2006-ல் அதிகாரியானவர். நீ விண்ணப்பிக்கப் போவது சிப்பாய் நிலைக்கு. 2014 ஏப்ரல் 25 அன்று அவரோடு அதே மோதலில் உயிர் விட்ட சிப்பாய் விக்ரம் சிங்கின் வாழ்க்கைதான் உன் வாழ்க்கைக்குக் கிட்டத்தில் இருக்கும். சிப்பாய் என்பதில் குறைச்சல் ஏதுமில்லை, நானும் அப்படித் தொடங்கியவன்தான். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதிகாரிக் கதவும் உனக்கு மூடிவிடவில்லை. டிப்ளமோ வைத்திருப்பவன் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். 23, 24 வயதில் முடித்துவிடுவாய். ராணுவத்தின் எஸ்எஸ்சி டெக் (குறுகிய காலப் பணி, தொழில்நுட்பப் பிரிவு) நுழைவுக்கு வயது 20 முதல் 27 வரை. அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. இன்ஜினியரிங் மதிப்பெண்ணை வைத்து எஸ்எஸ்பி நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் உன்னைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். தேறினால் 49 வாரப் பயிற்சி, பயிற்சியிலேயே மாதம் 56,100. பத்து வருடப் பணி, விரும்பினால் இன்னும் நான்கு வருடம் நீட்டிக்கலாம். வீட்டில் மூன்று வருடப் படிப்பைத் தாங்கும் வசதி இருக்கிறதா என்பது உனக்குத்தான் தெரியும். இருக்குமானால், என் பேரனாக இருந்தால் நான் அங்கேதான் தள்ளுவேன்.

பட்டாளத்துக்கே என்று முடிவு செய்தால், சில விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இப்போது முதலில் கம்ப்யூட்டரில் பொது நுழைவுத் தேர்வு, பிறகுதான் ரேலி என்கிற ஆள்சேர்ப்பு முகாம். 2025 முதல் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவன் தரகன். "உள்ளே ஆள் இருக்கு, மூன்று லட்சம் கொடு" என்பவன் உன் எதிர்காலத்தை அடகுக் கடையில் வைத்துக்கொண்டிருக்கிறான். மெரிட் லிஸ்டில் உன் பெயர் தானாக வந்தால் அவன் வாங்கிவிட்டதாகச் சொல்வான், வராவிட்டால் போனை எடுக்க மாட்டான். அவன் தொழிலே அவ்வளவுதான்.

ஜிடி என்கிற பொதுப் பணிப் பிரிவுக்கு நம் பக்கத்தில் உயரம் 166 செ.மீ. ஓட்டத்தில் ஐந்தரை நிமிடத்துக்குள் 1.6 கிலோமீட்டர் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. பையன்கள் இதற்கு மாதக்கணக்கில் தயாராகி, மெடிக்கலில் காது அழுக்குக்கும் சொத்தைப் பல்லுக்கும் தற்காலிகமாகத் தள்ளப்பட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போகுமுன் ஒரு பல் டாக்டரையும் காது டாக்டரையும் பார்த்துவிடு. தட்டைப் பாதமா, நிற்கும்போது முழங்கால் இரண்டும் முட்டுகிறதா என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. பச்சை குத்துவதாக இருந்தால் குத்தாதே. காதலி பெயர் என்றால் இரண்டு மடங்கு குத்தாதே.

இன்னும் இரண்டு விஷயம். பட்டாளத்தில் உன் வாய் உன்னுடையது இல்லை. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சுருக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவே சொல்கிறது. சங்கம் வைக்க முடியாது, அரசியல் பேச முடியாது. 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னார்கள். சீருடையில் ரீல்ஸ் போடும் கனவு இருந்தால் இப்போதே கலைத்துவிடு. இரண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது. உத்தரவு வந்தால் எதிரே நிற்கும் மனிதனைச் சுட வேண்டியிருக்கலாம். உன்னால் முடியுமா என்று கேட்டுப் பார். "கண்டிப்பாகச் சுடுவேன்" என்று உடனே சொல்பவனைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். "தெரியவில்லை" என்றால் அது யோக்கியமான பதில். "மாட்டேன்" என்றால் அதுவும் யோக்கியமான பதில்தான். அப்போது நான் மேலே சொன்ன தீயணைப்புத் துறை உனக்காகக் காத்திருக்கிறது.

இனி அம்மா. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த ஊர் அம்மாக்களும் மகன் ரயில் ஏறும்போது அழத்தான் செய்கிறார்கள். அதனால் உன் அம்மா அழுவதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அழுகிறவரிடம் போய் 48 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லிவிடாதே. என் காலத்தில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. தொகையைப் பிள்ளையின் பிணத்தோடு சேர்த்துத்தான் அம்மாக்கள் கேட்பார்கள்.

அதற்குப் பதிலாக, உன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ரிட்டையரான மிலிட்டரிக்காரர் யாராவது இருப்பார். அவரை வீட்டுக்குக் கூப்பிடு. அவரைவிட முக்கியம், அவர் மனைவியைக் கூப்பிடு. லீவு கிடைக்காமல் அவர் தவறவிட்ட கல்யாணங்கள், பிரசவத்துக்குத் தனியாகப் போன நாள், போன் வராத ராத்திரிகள் எல்லாவற்றையும் அந்த அம்மாள் உன் அம்மாவிடம் சொல்லட்டும். நீ வாசல் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிரு. அவர்கள் பேசி முடித்து எழுந்திருக்கும்போது உனக்கு இன்னும் ஆசை இருந்தால், அம்மாவுக்கும் பயம் கொஞ்சம் குறைந்திருந்தால், விண்ணப்பத்தைத் திற.

அதுவரை கம்பெனி வேலையை விடாதே. காலை ஷிப்டுக்கு முன்னால் ஹாஸ்டல் பக்கத்தில் அளந்து வைத்து 1.6 கிலோமீட்டர் ஓடிப் பார். முதல் நாளே ஐந்தரை நிமிடத்தில் வராது, எனக்கும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து எழுதும்போது காகிதத்தில் எழுதிய அந்தக் காரணத்தையும், ஓடிய நேரத்தையும் சேர்த்து அனுப்பு.